உழவர் குடும்பத்தின் மூச்சை அடைக்கும் புகையும் தூசியும்

சம்பா அறுவடை நாட்களில் களத்து மேட்டில் இருமல் சத்தம் கேட்காத ஊர் இல்லை. கொட்டிய நெல்லை வாரி மூட்டை பிடிப்பவர் இருமுகிறார். பதர் தூற்றுபவர் இருமுகிறார். வேலை முடிந்து குளித்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பலருக்குச் சரியாகியும் விடுகிறது. சிலருக்கு மட்டும் அந்த இருமல் போவதில்லை. அடுத்த அறுவடைக்குள் அதனுடன் இரைப்பும் சேர்ந்துவிடுகிறது.

டெல்டாப் பகுதியில் கிராமத்துக்குக் கிராமம் காணக்கூடிய ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக் கொள்ளலாம். இரண்டு ஏக்கர் நஞ்சை, மூன்று மாடுகள். கணவருக்கு வயது 58. இருபது வயதிலிருந்து பீடிப் பழக்கம் உண்டு. மனைவிக்கு வயது 53. பீடி, புகையிலை எதையும் தொட்டதில்லை. கணவர் காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் இருமிச் சளியைத் துப்பியாக வேண்டும். ஆகவே வீட்டில் நோயாளி அவர்தான் என்பது முடிவாகிவிட்டது.

மனைவிக்கும் இரைப்பு உண்டு. நாற்றுக் கட்டைச் சுமந்து வரப்பில் நடந்தால் நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகளாக நடவுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். 'வயதாகிறது, உடம்பும் கொஞ்சம் கனத்துவிட்டது' என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது.

ஒரு கார்த்திகை மாதம் கணவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, துணைக்கு வந்த மனைவி படி ஏறி மேல்மூச்சு வாங்குவதை டாக்டர் கவனித்தார். அவரையும் குழாயில் ஊதச் சொன்னார். இருவருக்கும் ஒரே நோய். மனைவிக்குத்தான் அதிகம் முற்றியிருந்தது.

"பீடியே தொடாத எனக்கு இது எப்படிங்க ஐயா வரும்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"எத்தனை வருஷமா அடுப்பு ஊதறீங்கம்மா?" என்று திருப்பிக் கேட்டார் டாக்டர்.

பன்னிரண்டு வயதிலிருந்து. நாற்பது ஆண்டுகளுக்கு மேல்.

நோயின் தன்மை

இதற்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று பெயர். டாக்டர்கள் சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்று எழுதுவார்கள். இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. பல ஆண்டுகள் புகையும் தூசியும் உள்ளே போவதால் சிறிது சிறிதாக வளரும் நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 35 லட்சம் பேர் இந்நோயால் இறந்தனர்.

நுரையீரலைப் பாசன அமைப்புடன் ஒப்பிட்டால் இந்நோய் எளிதில் விளங்கும். மூச்சுக் குழாய் தலைவாய்க்கால். அது கிளைவாய்க்கால்களாகவும் வயல்வாய்க்கால்களாகவும் பிரிந்து, கடைசியில் மிகச் சிறிய காற்றறைகளில் போய் முடிகிறது. இந்தக் காற்றறைகள் சுமார் 30 கோடி. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர், அதாவது ஒன்றேமுக்கால் சென்ட் நிலப்பரப்பு வரும். இந்தப் பரப்பில்தான் காற்றிலுள்ள பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது.

தொடர்ந்து புகை பட்டால் இரண்டு கேடுகள் நேர்கின்றன. முதலாவது, சிறு குழாய்களின் உட்சுவர் வீங்கிச் சளி அதிகமாகச் சுரக்கிறது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் செயலிழக்கின்றன. தூர் வாராத வாய்க்கால் போல் குழாய் குறுகிவிடுகிறது. இரண்டாவது, காற்றறைகளின் சுவர்கள் சிதைகின்றன. வரப்புகள் கரைந்து பத்து வயல்கள் ஒரே பள்ளமானால் எப்படியோ, அப்படிப் பல அறைகள் ஒன்றாகிப் பயன்படும் பரப்பு குறைந்துவிடுகிறது.

மூச்சு உள்ளே போகவில்லை என்று நோயாளி நினைக்கிறார். உண்மையில் பெரிய சங்கடம் மூச்சு வெளியேறுவதில்தான் இருக்கிறது. வெளிவிடும்போது குறுகிய குழாய்கள் மேலும் ஒட்டிக்கொள்வதால் பழைய காற்று உள்ளேயே தேங்குகிறது. வடிகால் கெட்ட வயலில் மேற்கொண்டு தண்ணீர் பாய்ச்ச முடியாது. அதுபோலத் தேங்கிய காற்று வெளியேறாதவரை புதிய காற்றுக்கு இடமில்லை. வேகமாக நடந்தாலோ சுமை தூக்கினாலோ திணறல் வருவது இதனால்தான்.

புகை பீடியில் மட்டும் இல்லை

பணக்கார நாடுகளில் இந்நோய் கண்டவர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குப் புகைபிடித்தலே காரணம். வருமானம் குறைந்த நாடுகளில் புகைபிடித்தலின் பங்கு 30 முதல் 40 சதவீதம்தான். இந்நாடுகளில் வீட்டு அடுப்புப் புகை ஒரு முக்கிய காரணம்.

இது நெடுநாள் முன்பே கவனிக்கப்பட்ட செய்தி. நுரையீரல் கெட்டு, அதனால் இதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்படும் நோயைப் பற்றி டில்லியில் டாக்டர் பத்மாவதியும் அவருடன் பணியாற்றியவரும் 1959-ல் ஒரு ஆய்வை வெளியிட்டனர். புகைபிடிக்கும் வழக்கம் அரிதாக இருந்த பெண்களிடமும் இந்நோய் அதிகம் காணப்பட்டது. விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் மேல் அவர்கள் கவனம் சென்றது. தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2011-ல் வெளிவந்தது. நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் சமையலில் ஈடுபட்ட பெண்களிடம் அடைப்பு நோய் கூடுதலாக இருந்தது.

எனவே வீட்டில் யார் பீடி பிடிக்கிறார் என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. அடுப்பின் முன் உட்காருபவர் யார் என்றும் பார்க்க வேண்டும். களத்துத் தூசி, பூசணம் பிடித்த வைக்கோல், கோழிப் பண்ணைத் தூசி, மஞ்சள் மெருகேற்றும்போது எழும் தூசி, சருகும் கரும்புச் சோகையும் எரிக்கும் புகை ஆகியவையும் நுரையீரலுக்குக் கேடு செய்பவையே.

எப்படிக் கண்டறிவது?

நாற்பது வயதைக் கடந்தவர்களில், கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

1. மாதக்கணக்கில் நீடிக்கும் இருமல்.
2. நாள்தோறும் காலையில் சளி.
3. சம வயதுக்காரருடன் சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்குதல்.
4. ஒவ்வொரு மழை, பனிக் காலத்திலும் நெஞ்சில் சளி கட்டுதல்.

ஆஸ்துமாவும் இதுவும் ஒன்றல்ல. ஆஸ்துமா பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். வரும், போகும். இடைப்பட்ட நாட்களில் மூச்சு நன்றாக இருக்கும். அடைப்பு நோய் நடுவயதில் மெல்லத் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வது அவசியம்.

அடைப்பு நோயை உறுதி செய்ய ஊதிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. இதற்கு ஸ்பைரோமீட்டர் என்ற கருவி பயன்படுகிறது. மூச்சை முழுதும் இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். ஊசி இல்லை, வலி இல்லை. குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பின்பும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் ஒரு நொடியில் வெளிவந்தது 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று இருந்துவிடக் கூடாது. ஆரம்ப நிலையில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம்.

போன மூச்சு, இருக்கும் மூச்சு

சிதைந்த காற்றறையை மீண்டும் கட்டித் தரும் மருந்து இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் சிகிச்சையில் இறங்க வேண்டும். ஆனால் மேலும் கெடுவதை மட்டுப்படுத்த முடியும்.

லண்டனில் வேலை செய்யும் ஆண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, பிளெட்சர், பீட்டோ என்ற ஆய்வாளர்கள் 1977-ல் ஒரு முடிவை வெளியிட்டனர். நடுவயதுக்குப் பின் எல்லோருக்குமே மூச்சின் அளவு ஆண்டுதோறும் சிறிது குறைகிறது. புகையால் பாதிக்கப்படும் உடல்வாகு உள்ளவர்களுக்கு இந்தக் குறைவு மிக வேகமாக நடக்கிறது. அவர்கள் புகைப்பதை நிறுத்திவிட்டால் இழந்தது திரும்புவதில்லை. ஆனால் குறையும் வேகம், புகைக்காதவருடைய அளவுக்கு வந்துவிடுகிறது.

45 வயதில் நிறுத்துபவர் 70 வயதிலும் வயலுக்கு நடந்து போகக்கூடும். அதே மனிதர் நிறுத்தாவிட்டால் 60 வயதில் திண்ணையில் உட்கார நேரும். 60 வயதில் நிறுத்தினாலும் பலன் உண்டு. 'இத்தனை நாள் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன' என்பது தவறான கணக்கு.

பீடியை விடுதல்

சிகரெட்டைவிடப் பீடி தீங்கு குறைந்தது என்ற எண்ணம் சரியல்ல. பீடி அடிக்கடி அணைந்துவிடும் என்பதால் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியிருக்கிறது. எண்ணிக்கையைக் குறைப்பது போதாது. ஒரு நாளைக் குறித்து அன்றோடு அடியோடு விடுவதே நல்லது. முதல் இரண்டு மூன்று வாரங்கள் எரிச்சலும் தூக்கக் குறைவும் இருக்கும். நிகோடின் கலந்த மெல்லும் பசையும் வேறு மருந்துகளும் டாக்டரின் ஆலோசனையுடன் உதவும். புகையிலையை விட விரும்புவோருக்காக 1800-112-356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை மத்திய அரசு ஏற்படுத்தியுள்ளது. பீடியை விட்டு வெற்றிலையுடன் புகையிலை போடத் தொடங்குவது தீர்வாகாது.

அடுப்படியில் செய்ய வேண்டியவை

கிராமங்களில் காஸ் அடுப்பு பரவலாக வந்துவிட்டது. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழைக் குடும்பங்களுக்கும் இணைப்புக் கிடைத்தது. ஆயினும் சிலிண்டர் விலையைக் கருதி, குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவித்தல் ஆகியவற்றுக்கு விறகு எரிப்பது நிற்கவில்லை. விறகை முற்றிலும் விட முடியாதவர்கள் இவ்வாறு செய்யலாம்.

வீட்டுக்குள் நடக்கும் சமையலுக்குக் காஸையே ஒதுக்கி, விறகு அடுப்பை வெளியே கொட்டகைக்கு மாற்ற வேண்டும். கொட்டகையின் இரண்டு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். அடுப்பு வீட்டுக்குள்தான் இருக்க வேண்டுமென்றால், அடுப்பின் எதிரில் ஒரு சன்னலும் கூரையை ஒட்டிப் புகை போக்கியும் அவசியம்.

புகைபோக்கி வைத்த அடுப்பு புதிய சரக்கல்ல. 1983-ல் மத்திய அரசு மேம்படுத்திய அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டால் புகை திரும்ப வீட்டுக்குள்தான் வரும். எனவே மாதம் ஒரு முறை குழாயைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். சீனாவின் சுவான்வெய் பகுதியில் திறந்த அடுப்பை விட்டுப் புகைபோக்கி அடுப்புக்கு மாறிய குடும்பங்களில் இந்த அடைப்பு நோய் வருவது குறைந்ததாக 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது.

விறகைப் பிளந்து, மழை படாமல் அடுக்கி, நன்றாகக் காய்ந்த பின்பே எரிக்க வேண்டும். ஈர விறகில் வெப்பம் குறைவு, புகை அதிகம். தீ மூட்டப் பாலித்தீன் பையையோ ரப்பரையோ பயன்படுத்தக் கூடாது. பருப்பை முன்கூட்டியே ஊறவைத்தும் பாத்திரத்தை மூடியும் சமைத்தால் அடுப்பு எரியும் நேரம் குறையும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பருகே நிற்கக் கூடாது.

இரண்டு மூன்று மாடுகள் உள்ளவர்கள் சாணத்தை வறட்டி தட்டுவதற்குப் பதில் சாண எரிவாயுக் கலன் அமைக்கலாம். 1 கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் சுமார் 25 கிலோ சாணம் தேவை. புகையில்லா எரிவாயுவும் கிடைக்கும், கழிவு நல்ல எருவாகவும் பயன்படும்.

களத்திலும் வயலிலும்

தூற்றும்போதும் கதிரடிக்கும்போதும் காற்று வரும் பக்கம் நின்று, தூசி எதிர்ப்புறம் போகும்படி வேலை செய்ய வேண்டும். களத்தைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளிக்கலாம். மூக்கில் துண்டு கட்டுவது கனமான தூசியைத் தடுக்கும். நுண்ணிய தூசியைத் தடுக்க என்-95 முகக்கவசம் வேண்டும். ஏற்கெனவே மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு முகக்கவசத்துடன் உழைப்பது சிரமம். அவர்களைத் தூசி வேலைக்கே அனுப்பாமல், பாத்தி கட்டுதல், கணக்குப் பார்த்தல் போன்ற வேலைக்கு மாற்றுவதே முறை.

நெல்லை 14 சதவீத ஈரத்துக்குக் கீழ் உலர்த்திச் சேமித்தால் பூசணத் தூசி குறையும். ஈரமாக அடுக்கிய வைக்கோற்போரை நோயாளி பிடுங்கக் கூடாது. கரும்பில் ஐந்தாம், ஏழாம் மாதங்களில் உரிக்கும் சோகையைக் கொளுத்தாமல் சால்களில் பரப்பினால் களை அடங்கும், ஈரம் நிற்கும், பின்னர் மக்கி உரமாகும். பூச்சிமருந்து அடிக்கும் வேலையையும் இந்நோயாளிகள் தவிர்க்க வேண்டும்.

மருந்து முறை

இந்நோய்க்கு முதன்மையான மருந்து, வாய் வழியே உள்ளிழுக்கும் இன்ஹேலர். 'அது பழக்கமாகிவிடும், கடைசிக் கட்டத்துக்குத்தான்' என்ற பேச்சில் உண்மையில்லை. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மிகச் சிறிய அளவே போதும். அடைபட்ட மடையில் மருந்து போட வேண்டுமே தவிர, வயல் முழுதும் கொட்டத் தேவையில்லை.

அமுக்கிப் பயன்படுத்தும் வகையானால், குலுக்கி, மூச்சை முழுதும் வெளிவிட்டு, வாயில் வைத்து உதட்டை மூடி, மெதுவாக ஆழமாக இழுக்கத் தொடங்கும்போது அமுக்க வேண்டும். பிறகு பத்து எண்ணும்வரை மூச்சை நிறுத்த வேண்டும். இழுப்பதும் அமுக்குவதும் ஒத்து வராதவர்கள், ஸ்பேசர் என்னும் இடைக்குப்பியைப் பொருத்திக்கொள்ளலாம். பொடி மருந்து வகையானால் வேகமாக இழுக்க வேண்டும். அந்தப் பொடி அடங்கிய குப்பி, மாத்திரை போலவே இருக்கும். அதை விழுங்கக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த மருந்தானால் இழுத்த பின் வாய் கொப்பளிக்க வேண்டும். முறை சரிதானா என்பதை ஒவ்வொரு தடவையும் டாக்டர் அல்லது நர்ஸ் முன்னால் செய்து காட்டுவது நல்லது.

திணறும்போதெல்லாம் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புவதும், கடையில் மாத்திரை வாங்கிப் போடுவதும் ஆபத்தான பழக்கம். ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் தொடர்ந்து பயன்படுத்தினால் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். ஆண்டுதோறும் இன்புளூயன்சா தடுப்பூசியும், டாக்டர் சொன்னபடி நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொண்டால் மழைக் காலத்தில் நோய் முற்றுவது குறையும்.

பயிற்சியும் உணவும்

மூக்கால் மூச்சை இழுத்து, சீட்டி அடிப்பது போல் உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல் இரு மடங்கு நேரம் மெதுவாக வெளிவிட வேண்டும். இதனால் சிறு குழாய்கள் சட்டென்று ஒட்டிக்கொள்ளாமல், தேங்கிய காற்று வடிகிறது. சுமை தூக்கும்போதும் படி ஏறும்போதும் இதைக் கடைப்பிடிக்கலாம்.

இரைக்கிறது என்று படுத்தே கிடந்தால் தசை கரைந்து இரைப்பு இன்னும் கூடும். டாக்டரின் அனுமதியுடன் நாள்தோறும் சமதரையில் நடந்து, தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சு முட்டும். ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடலாம். முட்டை, பருப்பு, பயறு, பால் ஆகியவை தசை கரையாமல் காக்கும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

சளி பெருகுதல், மஞ்சள் அல்லது பச்சை நிறமாதல், வழக்கத்தைவிட இரைப்பு கூடுதல் ஆகியவை கண்டால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். உதடும் நகமும் நீலம் பாய்தல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, தூக்க மயக்கம், மனத் தடுமாற்றம் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். உடனே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். வீட்டில் பிராணவாயு வைத்திருப்பவர்கள் டாக்டர் குறித்த அளவுக்கு மேல் தாமாகக் கூட்டக் கூடாது. இந்நோயில் அளவுக்கு மிஞ்சிய பிராணவாயுவும் தீங்கு செய்யும். அதன் அருகில் பீடியோ அடுப்போ விளக்கோ இருக்கவே கூடாது.

முதலில் கண்ட குடும்பத்தில் கணவர் பீடியை விட்டார். விறகு அடுப்பு மாட்டுக் கொட்டகைக்கு அடுத்த திறந்த சார்ப்புக்கு மாறியது. வெந்நீர் போடும் வேலையை இப்போது கணவரும் மகனும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். அந்த அம்மாள் பழையபடி நாற்றுக் கட்டுச் சுமக்கவில்லை. அது இனி முடியாது. ஆனால் காலையில் மருந்தை இழுத்துவிட்டு, நடுவில் நிற்காமல் வயல் வரை நடந்து போகிறார். நடவாட்களுக்கு மத்தியான சாப்பாடு கொண்டு போவது அவர்தான். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஊதிப் பார்த்திருந்தால் நடவுக்கும் இறங்கியிருப்பார்.

டிராக்டர் புகை கக்கினால் உழவர் மறுநாளே மெக்கானிக்கை அழைக்கிறார். மாடு தீவனம் எடுக்காவிட்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் ஓடுகிறார். வீட்டில் இருமிக்கொண்டே அடுப்பு ஊதும் பெண்ணுக்கும் அந்த அக்கறையைக் காட்ட வேண்டும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கணவன் மனைவி இருவருமே ஊதிப் பார்த்துக்கொண்டு வருவது நல்லது.